மலையில் பழைய பெட்ரோல் ஜீப்: சொந்தக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே பேச்சு ஒரே வண்டியைப் பற்றி: பானட் உயர்ந்த மஹிந்திரா பெட்ரோல் ஜீப். அமெரிக்க வில்லீஸ் கம்பெனியின் உரிமத்தில் இந்தியாவில் செய்த சிஜே 3பி, நாலு சிலிண்டர், 2199 சிசி ஹரிக்கேன் இன்ஜின். குன்னூர், கோத்தகிரி எஸ்டேட் கொட்டகைகளிலும், கொடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறை, மன்னவனூர் பக்கத் தோட்டங்களிலும் இன்னும் ஓடுகிறது, அல்லது ஓடாமல் நிற்கிறது. பின்னால் வந்த டீசல் ஜீப்புக்கு இதில் பிரேக், கியர் பாக்ஸ் பகுதிகளில் பல பொருந்தும். இன்ஜின் பகுதி பொருந்தாது.

வண்டி வாங்கியாச்சு. இன்ஜின் ஓடுகிறது. முதலில் எதைப் பிரிப்பது?

பிரேக். அடுத்து ஸ்டியரிங். அதற்கடுத்து ரேடியேட்டர். இன்ஜின் கடைசி.

பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். இன்ஜினைப் பிரித்து ரிங் மாற்றி, பெயின்ட் அடித்து, காசு தீர்ந்த பிறகு பிரேக்குக்கு வருகிறார்கள். சமவெளியில் அது சோம்பேறித்தனம். இங்கே அப்படி இல்லை. ஊட்டி 2240 மீட்டரில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 330 மீட்டரில். இன்ஜின் நின்றுபோனால் ஓரங்கட்டிவிட்டு பஸ் ஏறலாம். பிரேக் நின்றுபோனால் அடுத்த வளைவுதான் பதில் சொல்லும்.

பிரேக்கில் என்னென்ன பார்க்க வேண்டும்?

நாலு சக்கரத்துக்கும் 9 அங்குல டிரம். மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, லைனும் ஒன்று. இன்றைய வண்டிகளைப்போல முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் கிடையாது. ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அதனால் "மூணு ஹோஸ் நல்லாத்தான் இருக்கு, ஒண்ணை மட்டும் மாத்துங்க" என்கிற கணக்கு இங்கே செல்லாது. ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்கும் நாலு வீல் சிலிண்டருக்கும் புது கிட் (உள் ரப்பர்கள்) போடுங்கள். சிலிண்டர் உட்சுவரில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் கிட் போட்டுப் பயனில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

வீல் சிலிண்டர் முன்னுக்கு 1 அங்குலம், பின்னுக்கு முக்கால் அங்குலம். பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவதுண்டு. பின்னால் பெரிய சிலிண்டர் ஏறிவிட்டால் ஈரத் தார் ரோட்டில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வால் வழுக்கும். வாங்கும்போதே ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

பிரேக் லைனில் மாட்டிய காற்றை எடுப்பது தூரத்துச் சக்கரத்திலிருந்து: வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. அரை லிட்டர் ஆயிலாவது கையிருப்பு வைத்துக்கொண்டு, பழைய ஆயில் முழுவதும் போய்ப் புது நிறம் வரும்வரை எடுங்கள். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறந்து மூடும் பழைய முறையே போதும். எடுத்ததை மறுபடி ஊற்றக் கூடாது.

பெடலுக்குச் சுமார் 12 மில்லிமீட்டர் விளையாட்டு, அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் சும்மா இறங்கும் தூரம், இருக்க வேண்டும். "பிரேக் மேலேயே பிடிக்கட்டும்" என்று ராடை இறுக்கி அதை இல்லாமல் செய்துவிட்டால், மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் திரும்பும் சிறு துளை அடைபட்டே இருக்கும். பத்து கிலோமீட்டரில் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், டிரம் கொதிக்கும். காலை எடுத்த பிறகும் ஒரே சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் காரணம் வேறு: அந்தச் சக்கரத்துக்குப் போகும் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கியிருக்கும். வெளியே பார்க்கப் புதுசு மாதிரியேதான் தெரியும்.

பிரேக் ஆயிலை வருடா வருடம் மாற்றச் சொல்கிறார்கள். வியாபாரப் பேச்சா?

இல்லை. டாட் 3 ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு அது 140 வரை இறங்கலாம். ஆறு மாதம் மூடுபனியில் நிற்கும் வண்டியில் ஈரம் சீக்கிரமே ஏறும். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகிறது. ஆவி அமுங்கும் என்பதால் பெடல் பொத்தென்று தரைக்குப் போய்விடும். ஆறிய பிறகு பார்த்தால் பிரேக் நன்றாகவே பிடிக்கும், மெக்கானிக்கும் "ஒண்ணும் இல்லையே" என்பார். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை மாற்றிவிடுவது இந்த மலைகளுக்குச் சரியான கணக்கு.

இறக்கத்தில் எந்த கியர்?

ஏறும்போது எந்த கியர் கேட்டதோ அதே கியர். குன்னூர் காட் ரோட்டில் பெரும்பாலும் இரண்டாவது. ஊட்டி - மசினகுடி ரோட்டில் கல்லட்டியின் 36 கொண்டை ஊசிகளில் பல இடங்களில் முதல் கியர்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இந்த கியர் பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோ (ஓடும்போது பல் உரசாமல் கியர் விழவைக்கும் வளையம்) கிடையாது, இரண்டுக்கும் மூன்றுக்கும்தான் உண்டு. இறக்கத்தில் வேகம் பிடித்த பிறகு முதல் கியரைத் தேடினால் பல் உரசும், உள்ளே போகாது. நடுவில் நியூட்ரலில் மாட்டிக்கொண்டு வண்டி ஓடும். அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே நிறுத்தி, கியரைப் போட்டுவிட்டு இறங்குங்கள். பிரேக்கை நன்றாக மிதித்து, முழுதாக விட்டு, மறுபடி மிதியுங்கள். லேசாக மிதித்தபடியே இறங்கினால்தான் டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனர் எரியும்.

லோ ரேஞ்சில் போட்டு இறங்கலாமே?

மண் ரோடு, சேறு, தோட்டத்துச் சரிவு என்றால் தாராளமாக. காய்ந்த தார் ரோட்டில் வேண்டாம். இன்ஜின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இந்த வண்டியில், முன் ஆக்சிலைச் சேர்க்காமல் லோவில் (மெதுவான, இழுவை கூடிய வரிசையில்) விழாது. முன் ஆக்சில் சேர்ந்துவிட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். ஆனால் வளைவில் முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓடுகின்றன. மண்ணில் டயர் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். தார் பிடித்துக்கொள்வதால் முறுக்கம் முழுவதும் ஷாஃப்டில் ஏறும். நாலைந்து கொண்டை ஊசிக்குப் பிறகு லீவர் வெளியே வராது.

அப்படி மாட்டிக்கொண்டால் லீவரை உதைக்காதீர்கள். ரிவர்ஸில் சில மீட்டர் நேராகப் பின்னால் போனால் முறுக்கம் அவிழும், லீவர் தானாக விழும். இடமில்லாவிட்டால் ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் லேசாகத் தூக்கினாலும் போதும். அதற்கு முன் கீழே வரும் பதிலைப் படித்துவிடுங்கள்.

ஹேண்ட் பிரேக் போட்டும் ஜாக்கியில் ஏற்றிய வண்டி நகர்ந்துவிட்டது. எப்படி?

இந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் தனி டிரம், அது பிடிப்பது ப்ரொப்பல்லர் ஷாஃப்டை. ஒரு பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பியதும் டிஃபரென்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சும்மா சுற்றவிட்டு, தரையிலிருக்கும் மற்றதை உருளவிடும். ஷாஃப்ட் அசையாமல் நிற்கும்போதே வண்டி நகரும். கியரில் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

ஆகவே சரிவில் ஜாக்கி போடும் முன் எதிர்ச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ரோட்டோரக் கல் நம்பத்தக்கதல்ல, ஈரத்தில் வழுக்கும். ஓடும் வண்டியை நிறுத்தவும் இந்த ஹேண்ட் பிரேக்கைப் பழக்கப்படுத்தாதீர்கள். பிரேக் விட்டுப்போன அவசரம் வேறு.

ஹேண்ட் பிரேக் பிடிப்பதே இல்லை. லைனர் மாற்றினாலும் ஒரே மாதம்.

லைனர் மேல் குற்றம் இல்லை, கியர் ஆயிலைப் பாருங்கள். கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டியே இருப்பதால், இடையிலுள்ள வழி தேய்ந்ததும் கியர் பாக்ஸ் ஆயில் மெல்ல டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இறங்குகிறது. அங்கே அளவு கூடிப்போய் பின் ஆயில் சீல் வழியாகக் கசிகிறது. சீலுக்கு அடுத்திருப்பது ஹேண்ட் பிரேக் டிரம். லைனர் ஆயில் குடித்துவிடும். ஒரே கசிவில் இரண்டு கேடு: ஹேண்ட் பிரேக் போகும், கியர் பாக்ஸ் வறண்டு உறுமும்.

மாதம் ஒருமுறை இரண்டு லெவல் பிளக்கையும் திறந்து பாருங்கள். ஆயில் துளையின் உதடு வரை நிற்க வேண்டும். கியர் பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் வீதம், ஆக்சில் ஒவ்வொன்றுக்கும் 1.2 லிட்டர். கியர் பாக்ஸுக்கு 90 நம்பர், ஜிஎல் 4 தரம் கேளுங்கள். ஜிஎல் 5 உயர்ந்தது என்று கடைக்காரர் தருவார். அதிலுள்ள சில கூட்டுப்பொருள்கள் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரிக்கக்கூடும். சீல் மாற்றும்போது அது உட்காரும் யோக்கின் (ஷாஃப்டை இணைக்கும் கவையின்) கழுத்தைத் தடவிப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் கசியும். கோவையில் லேத் பட்டறைக்குக் கொடுத்தால் ஸ்லீவ் போட்டுத் தருவார்கள்.

ஊட்டியில் பிளக் கரி பிடிக்கிறது. கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட்டைச் சின்னதாக்கணுமா?

பத்து வருஷத்துக்கு முன் கேட்டிருந்தால் ஆமாம் என்பதுதான் பதில். 2200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்பரேட்டர் அந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளாது. கலவையில் பெட்ரோல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடிவிடும். 120 ஜெட்டை எடுத்துவிட்டு 115 போடுவது மலைக்காரர்களின் பழைய வழக்கம்.

இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எரியக் காற்று குறைவாகவே போதும் என்பதால், அதே ஜெட்டில் கலவை ஏழெட்டு விழுக்காடு மெலிகிறது. உயரம் கூட்டியதில் பெரும்பகுதியை எத்தனால் கழித்துவிடுகிறது. ஆகவே பழைய ஜெட்டையே வைத்துக்கொண்டு முதலில் மற்றவற்றைப் பாருங்கள்: சோக் முழுதாகத் திறக்கிறதா, ஏர் கிளீனர் அடைத்திருக்கிறதா, ஃப்ளோட் ஊசி கசிகிறதா. கரிக்குப் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணம். பிறகு ஐட்லிங் திருகை மட்டும் திருத்துங்கள்.

எத்தனாலையும் கணக்கில் எடுக்காமல் ஜெட்டைக் குறைத்துவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கினால், அடிவாரத்தில் கலவை மிகவும் மெலிந்து, ஏற்றத்தில் இன்ஜின் கொதித்துத் தட்டும். பிளக் பொறி விழும் டைமிங்கும் அப்படியே: குறிப்பேட்டின் 5 டிகிரியை மலைக்காக இரண்டு மூன்று டிகிரி முன்னே தள்ளலாம், ஆனால் அடிக்கடி கீழே போய்வரும் வண்டிக்கு வேண்டாம்.

அந்த எத்தனாலே பழைய ரப்பரைத் தின்னும். பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். மெக்கானிக்கல் பம்பின் டயாஃப்ரம் பழசாக இருந்தால் கிழியும். கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் அடியிலுள்ள ஆயில் சம்புக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறிக்கொண்டே போனாலோ பெட்ரோல் வாடை வந்தாலோ வண்டியை எடுக்காதீர்கள். அந்த ஆயில் தண்ணீராகி பேரிங்கைத் தின்றுவிடும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது பர்லியார் தாண்டினதும் இன்ஜின் விக்கி விக்கி நிற்கிறது. அரை மணி கழித்துப் புறப்படுகிறது.

பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகிறது. அடிவாரத்தில் கல்லாறு வெயிலில் ஏற்றம் தொடங்கும்போது பானட்டுக்குள் சூடு உச்சத்தில் இருக்கும். பைப் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டிப் போனால் கேட்கவே வேண்டாம். உடனடி மருந்து: பம்பின் மேலும் பைப்பின் மேலும் ஈரத் துணி. சூடான மேனிஃபோல்டில் தண்ணீர் படக் கூடாது, விரிசல் விடும். நிரந்தர மருந்து: பைப்பை மேனிஃபோல்டிலிருந்து விரல் நாலு தள்ளிக் கொண்டுபோவது, நடுவில் தகட்டு மறைப்பு. கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழியாக ஏறுபவர்களுக்கும் இதே சிக்கல்தான்.

ரேடியேட்டர் கொதிக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடச் சொல்கிறார்களே?

கழற்றாதீர்கள். மலையில் இன்ஜின் சூடேறாமலே ஓடும், ஆயிலில் கசடு கட்டும், பெட்ரோல் கூடக் குடிக்கும்.

மூடியை முதலில் மாற்றுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி தரும் அழுத்தம்தான் அதை மேலே தூக்கிப் பிடிக்கிறது. மூடியின் ரப்பர் செத்திருந்தால் சமவெளியில் தெரியாத கொதிப்பு இங்கே தெரியும். அதற்கும் அடங்காவிட்டால் பிளாக்கைப் பாருங்கள். ஓடைத் தண்ணீரை ஊற்றி ஊற்றி நாலாவது சிலிண்டர் பக்கம் துருச் சேறு உறைந்திருக்கும். பிளாக்கின் வடிகால் குழாயைத் திறந்தும் ஒன்றும் வராவிட்டால் அதுதான் அடையாளம்: கம்பி விட்டுக் குத்தி, தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு மேலிருந்து ஹோஸ் வைத்துத் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுங்கள். பிறகு மொத்தம் பத்தரை லிட்டர்: பாதி கூலன்ட், பாதி காய்ச்சி வடித்த தண்ணீர். உறைபனிக் காலத்துக்கும் இது காப்பு.

ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் வெள்ளையாக வெண்ணெய் மாதிரி. ஹெட் கேஸ்கெட் போச்சா?

பெரும்பாலும் இல்லை. வீட்டிலிருந்து மார்க்கெட் வரை இரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் ஈரம் ஆவியாகும் அளவுக்கு இன்ஜின் சூடேறுவதில்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்து, ரேடியேட்டர் அளவும் குறையாவிட்டால், வாரம் ஒருமுறை முழுச் சூட்டில் அரை மணி ஓட்டுங்கள், போய்விடும். டிப்ஸ்டிக்கிலும் பால் நிறம் தெரிந்தால் கேஸ்கெட்தான். இப்படிக் குட்டி ஓட்டம் ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டர் பார்க்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள்.

ஹெட்டைக் கழற்றப் பார்க்கிறேன். எல்லா போல்டும் எடுத்தும் அசையவில்லை.

எல்லா போல்டும் எடுக்கவில்லை. ஒரு போல்ட் கார்பரேட்டருக்கு அடியில், காற்றுப் பாதைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. கார்பரேட்டரை எடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். இதை அறியாமல் உளி வைத்து நெம்பி ஹெட்டை உடைத்தவர்கள் உண்டு.

டேப்பெட் (வால்வு) இடைவெளி எவ்வளவு? பிளக்குக்கும், டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள பாயிண்டுக்கும்?

ஆறிய இன்ஜினில் இன்டேக் 0.018 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.016. இன்டேக் வால்வு ஹெட்டின் மேலே இருக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கின் பக்கவாட்டில், தனி மூடிக்குள். அந்த அமைப்பால்தான் இன்ஜின் உயரமாகி, பானட்டும் உயர்ந்தது. கைக்கு எட்டாத எக்ஸாஸ்டை விட்டுவிட்டு மேலே மட்டும் சரிசெய்யும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. வால்வு எரிவது அந்தப் பக்கம்தான். பிளக் இடைவெளி 0.030 அங்குலம், பாயிண்ட் 0.020. எரியும் வரிசை 1, 3, 4, 2.

மூடுபனிக் காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பேட்டரியைக் காலி செய்யும் முன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே உலர்ந்த துணியால் துடையுங்கள். தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் அது விரிசல். துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் கடகடவென்று ஆடுகிறது.

ஸ்டியரிங் பாக்ஸை இறுக்குவது முதல் வேலை அல்ல. இறுக்கினால் அது நேர்நிலையில் இறுகி, திருப்பத்தில் திரும்பாமல் போகும். டயர் காற்று, டை ராட் முனைகள், நடு பெல்கிராங்க் பின், கிங்பின் பேரிங் என்ற வரிசையில் பாருங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இடம் வலம் அசைக்க, இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்தால் தளர்வு கையில் தெரியும். முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டினால் கிங்பின் தளர்வும் தெரிந்துவிடும். அதற்கு ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு) குறைக்க வேண்டும்.

வீல் நட் சுத்தமாக வரவில்லை. பைப் போட்டு நெம்பலாமா?

எந்தப் பக்கம் என்று பாருங்கள். பல பழைய ஜீப்களில் இடப்பக்க நட்டுகளுக்கு எதிர் மரை, கடிகார திசையில் சுற்றினால்தான் கழலும். போல்ட் முனையில் ஆங்கில எல் எழுத்து இருக்கும். அது தெரியாமல் பைப் போட்டால் இன்னும் இறுகி போல்ட் முறியும்.

துருவுக்கு எரிந்த இன்ஜின் ஆயில் அடிக்கலாமா?

சேஸிஸ் பெட்டிக்குள் அடிக்கலாம் என்பார்கள். ஆனால் அது ரப்பர் புஷ்ஷையும் ஹோஸையும் ஊறவைக்கும், பிரேக்கில் சொட்டும். வேக்ஸ் கலந்த துருக்காப்பு மருந்து மேல். அதற்கும் முன் வடிகால் துளைகளைக் குத்தித் திறந்துவிடுங்கள். பின்பகுதித் தரைக்கு அடியில் குறுக்கே ஓடும் தகட்டுப் பட்டைகளுக்குள் ஈரம் நிற்கும். மேலே பெயின்ட் பளபளக்க, கீழே கட்டைவிரல் அழுத்தினால் உள்ளே போகும். வாங்குமுன் அங்கேதான் அழுத்திப் பார்க்க வேண்டும்.

உதிரி பாகம்?

பிரேக் கிட், பேரிங், ஆயில் சீல் போன்றவை புதிதாகவே கிடைக்கும். பழைய பாகங்களுக்குக் கோவை உக்கடம், சென்னை புதுப்பேட்டை. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். பிரேக் சம்பந்தப்பட்டதைப் பழசாக வாங்காதீர்கள்.

டீசல் இன்ஜின் மாற்றிவிடலாமா?

ஆர்டிஓவின் முன் அனுமதி இல்லாமல் முடியாது. மாற்றினால் இன்னொன்றும் போகும்: 2021இல் வந்த மத்திய விதிப்படி 50 ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். பத்தாண்டுக்கான புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஏற்கெனவே எண் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல், பராமரிப்பு தவிர ரோட்டில் எடுக்கக் கூடாது. தினமும் தோட்டத்துக்குப் போகும் வண்டி என்றால் அந்தப் பக்கம் போகாமல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது மேல்.

வண்டியில் எப்போதும் என்ன இருக்க வேண்டும்?

மரக்கட்டை நாலு, ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகை ஒன்று. ஃபேன் பெல்ட், பாயிண்ட், கண்டன்சர், ஒரு மீட்டர் பெட்ரோல் ஹோஸ், கிளிப்புகள். அரை லிட்டர் பிரேக் ஆயில், சீல் உடைக்காதது. ஐந்து லிட்டர் தண்ணீர். உலர்ந்த துணி, பிளாஸ்டிக் பையில் கட்டி, ஏனென்றால் ஜீப்பில் எந்த மூலையும் நனையாமல் இருக்காது.